சுவானுக்குப் பதிலாக ஒரு சுவான்

வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தால் சுவான் பட்டம் வாங்கி முடித்த ஆள். கறுப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி, கையில் சுருட்டிப் பிடித்த காகிதம், முகத்தில் உலகத்தையே ஜெயித்த சிரிப்பு. அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

இதில் சுவானை மட்டும் குறை சொல்ல முடியாது. தா லாட் என்ற அந்த மலையூரில் எல்லாரும் செய்வதுதான். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வகுப்பு மொத்தமும் அங்கியை வாடகைக்கு எடுத்து, பைன் மரத்தடியில் நின்று தொப்பியை வானத்தில் வீசிப் படம் எடுத்துக்கொண்டுவிடும். பட்டம் பின்னாலேயே வந்து சேரும். மற்றவர்களுக்கு வந்தது. சுவானுக்கு வரவில்லை. குறுக்கே பிரெஞ்சு நின்றது.

சுவானுக்கு வட்டார அலுவலகத்தில் வேலை. தலையில் பாதி வழுக்கை, வீட்டில் முழு அடக்கம். சனி, ஞாயிறுகளில் படித்து ஆங்கிலப் பட்டம் வாங்கினால் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான் என்று மேலதிகாரி வாயாலேயே சொல்லியிருந்தார். ஆங்கிலம் எல்லாம் தேறிவிட்டார். ஆனால் பல்கலைக்கழகத்தின் விதி, ஆங்கிலம் படிப்பவர்கள் இன்னொரு அந்நிய மொழியையும் மூன்று நிலை முடித்தாக வேண்டும். பிரெஞ்சு சுலபம் என்று யாரோ சொன்னதை நம்பி அதை எடுத்தார். முதல் நிலையில் தத்தித் தாவினார். இரண்டாவதில் தவழ்ந்தார். மூன்றாவதில் குப்புற விழுந்தார். அதற்குள் படம் சுவருக்கு ஏறிவிட்டது; விருந்தும் போட்டாகிவிட்டது; அதே மேலதிகாரி வந்து இரண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டும் போய்விட்டார்.

புத்தாண்டுக்குள் பிரெஞ்சு தேறாவிட்டால் நாற்காலி வேறொருவனுக்கு. சுவரில் இருக்கிற படத்தை எந்த முகத்தோடு பார்ப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் சபதம் எடுத்தார். “தோவா, இந்தப் பருவத்துல பிரெஞ்சை ஒரு கை பார்த்துடுறேன். ஒரு வகுப்பு விடமாட்டேன்.”

கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டிருந்த மனைவி தோவா நிமிர்ந்து பார்த்தாள். கடைத்தெருவில் கம்பளிக் குல்லா பின்னி விற்கும் கடை அவளுடையது. “பாருங்க. அது உங்களைப் பார்க்காம இருந்தா சரி.”

சபதத்துக்கு ஆயுள் ஒரு நாள். சனிக்கிழமை மதியம் வகுப்புக்குப் போகிற வழியில் காபிக் கடை. கடையில் அவருடைய சதுரங்கத் தோழன் பாவோ. பாவோவுக்கு முன்னால் சீனச் சதுரங்கப் பலகை.

“வகுப்புக்குப் போகணும்டா பாவோ.”

“போங்கண்ணே. யாரு புடிச்சு வச்சிருக்கா? அந்தக் குதிரையை மட்டும் நகர்த்திட்டுப் போங்க.”

குதிரையை நகர்த்தினார். பிறகு யானையை. பிறகு தேரை. மலைமேல் வெயில் சாய்ந்தபோது வகுப்பும் முடிந்திருந்தது, ஆட்டமும் தோற்றிருந்தது.

“ஐயையோ! அஞ்சு வகுப்புல நாலுக்காவது போயிருக்கணும். இல்லைன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க.”

“அண்ணே, நீங்க எதுக்கு நேர்ல போறீங்க? ஆள் வச்சிக்கலாமே.”

“எதுக்கு ஆளு?”

“உட்கார. பேரைக் கூப்பிட்டா ‘இருக்கேன்’னு சொல்ல. ஊர்ல பாதிப் பசங்க அப்படித்தான் படிக்கிறாங்க.”

“டீச்சர் கண்டுபிடிச்சிட்டா?”

“புது டீச்சர். உங்க மூஞ்சியே தெரியாது. இந்தக் குளிர்ல எல்லாரும் முகமூடியும் குல்லாவுமா உட்கார்ந்திருப்பாங்க, கண்ணு மட்டும்தான் வெளியில. அதுவும் சுவான்ங்கிற பேரு ஆம்பளைக்கும் உண்டு, பொம்பளைக்கும் உண்டு. நான் பார்த்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, ஆள் யாருன்னு மட்டும் கேக்கக்கூடாது.”

“ஏன்?”

“அந்த ஆளோட நிபந்தனை அது.”

சுவான் ஒப்புக்கொண்டார். வகுப்பு மதிப்பெண்ணை அந்த ஆள் வாங்கிக் கொடுத்துவிட்டால், கடைசியில் வாய்மொழித் தேர்வில் போய்ப் பெயரைச் சொன்னாலே தேறிவிடலாம் என்பது கணக்கு. பெயரைச் சொல்லத் தெரியும். ‘ழ மப்பெல் சுவான்.’ மூன்று பருவம் படித்ததில் நெஞ்சில் நின்ற பிரெஞ்சு அவ்வளவுதான்.

வாரங்கள் ஓடின. பாவோ தவறாமல் செய்தி கொண்டுவந்தான்.

“அண்ணே, போன சோதனையில வகுப்பிலேயே நீங்கதான் முதல்.”

“நெசமாவா?”

“உங்க உச்சரிப்பு மாதிரி வராதுன்னு டீச்சர் எல்லாருக்கும் உதாரணம் காட்டினாங்களாம்.”

“எனக்குச் சின்ன வயசிலேயே நாக்கு நல்லா சுழலும்” என்றார் சுவான். சொன்ன பிறகுதான், அது தன் நாக்கு இல்லை என்பது உறைத்தது.

அன்றிலிருந்து பிடித்தது அரிப்பு. யார் அந்த ஆள்? ஆணா, பெண்ணா? கூலிக்கு உட்காருகிற ஆள் இத்தனை நன்றாக ஏன் படிக்க வேண்டும்? தன் பெயரில் ஒருவர் ஊருக்குள் புத்திசாலியாக உலவுவது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. சதுரங்கத்தில் கவனம் போய்விட்டது. தொடர்ந்து தோற்றார்.

வீட்டில் நிலைமை அமைதி. தோவாவுக்குத் திடீரென்று பக்தி வந்திருந்தது. சனி, ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டுப் புத்தர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது கன்னமெல்லாம் சிவந்து, வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

“என்ன முணுமுணுப்பு?”

“மந்திரங்க.”

“ஒண்ணும் புரியலையே. எந்த மொழி?”

“புத்தருக்குத் தெரியாத மொழியா? அது கிடக்கட்டும், இன்னைக்கு உங்க வகுப்புல என்ன பாடம்?”

“அது வந்து… வினை.”

“என்ன வினை?”

“கஷ்டமான வினை.”

“செஞ்ச வினையா?”

சுவான் சூப்பை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிப்பு தாங்கவில்லை. வகுப்புக்கே போய் எட்டிப் பார்த்துவிட்டார். சன்னல் வழியே பார்த்தால் வரிசை வரிசையாக முகமூடிகள், குல்லாக்கள். ஹியென் டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்துத் துண்டைக் காதுவரை சுற்றிய குள்ளமான அம்மாள், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வையே ஆளைத் தின்றுவிடும்.

“சுவான்!”

கடைசி வரிசையில் ஒரு சாம்பல் நிறக் குல்லா கையைத் தூக்கியது. முகமூடிக்குள்ளிருந்து வந்த பதில் சுவானின் காதில் விழுவதற்குள் டீச்சரின் கண் அவர்மேல் விழுந்துவிட்டது.

“யாருங்க அது? என்ன வேணும்?”

சுவானின் வாய் திறந்தது, மூளை திறக்கவில்லை. “குழாய்… குழாய் பார்க்க வந்தேன்.”

“அப்பாடா! எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன்! உள்ள வாங்க. அந்த மூலையில கை கழுவுற குழாய். ஒழுகிட்டே இருக்கு.”

வட்டார அலுவலகத்தின் வருங்காலப் பிரிவுத் தலைவர் வகுப்பறை மூலையில் குனிந்து உட்கார்ந்து குழாயைத் திருகினார். சொட்டுச் சொட்டாக ஒழுகியது, அவர் கை பட்டதும் பீறிட்டு அடித்தது. வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாக அந்தச் சாம்பல் குல்லாதான் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சட்டை சொட்டச் சொட்ட அவர் வெளியே ஓடினார்.

“என்னங்க, வகுப்புக்குள்ள மழையா?” என்றாள் தோவா அன்று மாலை.

“வர்ற வழியில.”

“நல்ல வெயிலாச்சே.”

“அந்தத் தெருவுல மட்டும் மழை.” துணி மாற்றிக்கொண்டு வந்து மெல்ல ஆரம்பித்தார். “தோவா, சாம்பல் நிறத்துல குல்லா யாருக்காவது பின்னிக் கொடுத்தியா?”

“எத்தனையோ பேருக்கு. ஏன்?”

“சும்மாதான். வகுப்புல ஒருத்தி போட்டிருந்தா.”

தோவாவின் ஊசி நின்றது. “ஒருத்தியா? ஒருத்தி தலையில என்ன நிறத்துல குல்லா இருக்குன்னு பார்க்கத்தான் வாராவாரம் போறீங்களா?”

“ஐயோ, நான் பாடத்தைத்தான்…”

“பாடம் தலையில இருக்கணும். குல்லாவுல எதுக்குத் தேடுறீங்க?”

அதற்கப்புறம் குல்லா என்ற சொல்லை அவர் அந்த வீட்டில் உச்சரிக்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. காலையில் தட்டைப் பார்த்த சுவானுக்குப் பகீரென்றது. இரண்டு அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். தேர்வு நாளில் முட்டை தின்றால் மதிப்பெண்ணும் முட்டை, வாழைப்பழம் தின்றால் வழுக்கி விழுவோம் என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

“பரீட்சையும் அதுவுமா முட்டையா! உனக்கென்ன பைத்தியமா?”

“உங்களை மாதிரி ஒரு வகுப்பு விடாமப் படிச்ச ஆளை முட்டை என்னங்க செய்யும்? சாப்பிடுங்க.”

சாப்பிட்டார்.

தேர்வு அறையில் ஹியென் டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். சுவான் நெஞ்சை நிமிர்த்தித் தன் சொத்து முழுவதையும் எடுத்து வைத்தார்.

“ழ மப்பெல் சுவான்.”

“பொய்” என்றார் டீச்சர்.

“டீச்சர்?”

“என்கிட்ட படிக்கிற சுவானை எனக்கு நல்லாத் தெரியும். வகுப்பிலேயே முதல் மாணவி. நீங்க குழாய்க்காரர். அந்தக் குழாய் இன்னும் ஒழுகுது. அதை விட்டுட்டு ஆள்மாறாட்டத்துக்கு வந்துட்டீங்களா?”

சுவான் அடையாள அட்டையை நீட்டினார். டீச்சர் அட்டையைப் பார்த்தார், அவர் தலையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இதுல இருக்கிறவருக்கு முடி இருக்கே.”

“அப்ப இருந்துச்சு டீச்சர்! நான்தான் சுவான்! சத்தியமா நான்தான் சுவான்!”

“சரி, நீங்கதான் சுவான்னா, இந்தப் பருவம் முழுக்க என் வகுப்புல உட்கார்ந்தது யாரு?”

சுவான் இல்லை என்றால் மோசடி. சுவான்தான் என்றால் அதைவிடப் பெரிய மோசடி. தன் பெயரைத் தானே நிரூபிக்க முடியாமல் நின்றபோது நாற்காலியும் படமும் விருந்தும் கண்முன் சுழன்றன. அழுகையே வந்துவிட்டது.

“உங்களை சுவான்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

“இருக்கா! என் பொண்டாட்டி இருக்கா!” அவசர அவசரமாகப் போனை எடுத்துத் தோவாவைக் கூப்பிட்டார்.

மணி கதவுக்கு வெளியிலேயே அடித்தது.

கதவு திறந்தது. சாம்பல் நிறக் குல்லா. முகமூடி. முகமூடியைக் கழற்றிக்கொண்டே, “கூப்பிட்டீங்களா?” என்றாள் தோவா.

“வாம்மா சுவான்” என்றார் டீச்சர். “இவர் உன் வீட்டுக்காரரா, பார்த்துச் சொல்லு.”

தோவா அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரர் சனி, ஞாயிறு தவறாம வகுப்புக்கு வந்தவராச்சே டீச்சர். இவரை நீங்க வகுப்புல பார்த்திருக்கீங்களா?”

“பாடம் கேட்டுப் பார்த்ததில்லை.”

“அப்ப இவரா இருக்காது.”

“தோவா! நான்தான்டி! வகுப்புக்குப் போகலை! காபிக் கடையில சதுரங்கம் ஆடினேன்! போதுமா?”

“ஜெயிச்சீங்களா?”

“…இல்லை.”

“அப்ப இவர்தான் டீச்சர்.”

பாவோ ஊரெல்லாம் தேடிக் களைத்து, தனக்குத் தெரிந்த கெட்டிக்காரியிடமே போய்க் கேட்டிருக்கிறான். அந்தக் கெட்டிக்காரி தோவா.

“முதல் ரெண்டு நிலைக்கும் இவருக்கு வீட்டுல ஒப்பிச்சுக் கேட்டது நான்தான்” என்றாள் தோவா. “இவருக்கு ஏறலை, எனக்கு ஏறிடுச்சு. முதல் வாரம் இவரைப் பிடிக்கத்தான் வந்தேன். ரெண்டாவது வாரம் பிரெஞ்சு என்னைப் பிடிச்சிக்கிச்சு. அன்னைக்கே டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, வெளி மாணவியா என் பேரையே பதிஞ்சிட்டேன். இவரா வந்து மாட்டுற வரைக்கும் வகுப்புல சுவான்னே கூப்பிடச் சொன்னேன். கூலி வாங்கினதுல இந்தச் செருப்பும் வாங்கிட்டேன்.”

“அப்ப… நான் குழாய் பார்க்க வந்தப்ப…” சுவான் டீச்சரைப் பார்த்தார்.

“தெரியும்” என்றார் டீச்சர். “அதுக்காக ஒழுகுற குழாயைச் சும்மா விட முடியுமா?”

சுவானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும், அந்தச் சாம்பல் குல்லாவுக்குக் கீழே சிவந்து நின்ற முகத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவளை இன்றுதான் பார்ப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. வந்த வருகையெல்லாம் தோவா கணக்கில். சுவான் கணக்கில் ஒன்றுமில்லை; இந்தத் தேர்வுக்கு அனுமதியும் இல்லை. புத்தாண்டுக்கு முன் இன்னும் ஒரே ஒரு பருவம் இருக்கிறது. அதில் ஒரு வகுப்புகூட விடாமல் உட்கார்ந்து தேறினால் பட்டம், நாற்காலி எல்லாம் உண்டு. ஆள்மாறாட்டம் என்ற பேச்சை டீச்சர் அத்தோடு விட்டுவிடுவார்.

அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை, காபிக் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து, எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார் சுவான். நல்ல குளிர். முகமூடி, குல்லா, கம்பளிக் கோட்டு. ஹியென் டீச்சர் வந்தார். பின்னாலேயே, வகுப்பிலேயே முதலாகத் தேறி டீச்சருக்கு உதவியாளராகச் சேர்ந்துவிட்ட தோவா, வருகைப் பட்டியலோடு வந்தாள்.

“சுவான்.”

“இருக்கேன்!” சுவான் எழுந்தே நின்றுவிட்டார்.

தோவா பட்டியலில் வைத்த பேனாவை எடுத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், எதுக்கும் குல்லாவைக் கழட்டச் சொல்லுங்க. முடி இருந்தா இவர் இல்லை.”