காதுகுத்தில் விழுந்த நட்சத்திரம்

ஒற்றை நட்சத்திரம் போடுவதற்குக்கூட விளையாட்டை முதலில் போனில் இறக்கியாக வேண்டும் என்று திரை அடம்பிடித்தது. தமிழ்மாறன் மூன்று முறை முயன்று பார்த்தான். மூன்று முறையும் அதே பதில்தான் வந்தது.

“எதிரி வீட்டு மேல கல்லெறியணும்னா, முதல்ல உள்ள போயி காப்பி குடிச்சிட்டு வரணுமாம்” என்று முணுமுணுத்துக்கொண்டே, வேறு வழியில்லாமல் சாஜித்தின் விளையாட்டை இறக்கினான். ஒற்றை நட்சத்திரம் குத்தினான். ‘படு மோசம்’ என்று இரண்டு வார்த்தையும் எழுதினான். பிறகு ஆவலோடு மதிப்பெண்ணைப் பார்த்தான். 4.8 அப்படியே 4.8 ஆகவே இருந்தது. யானை மேல் கொசு உட்கார்ந்த கதைதான்.

தமிழ்மாறனுக்குத் தொழில், போனில் ஆடும் விளையாட்டுகளை உருவாக்குவது. கம்பெனி வேலையை உதறிவிட்டு, மதுரை தல்லாகுளம் வீட்டு மாடி அறையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து ‘துண்டு போடு’ என்ற விளையாட்டைச் செய்திருந்தான். பேருந்து வந்து நிற்கும். கூட்டம் முண்டும். நீங்கள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்க வேண்டும். தாங்கள் அன்றாடம் படும் பாட்டையே மக்கள் விளையாட்டாகப் பார்க்க விரும்புவார்கள் என்பது அவன் கொள்கை. அந்தக் கொள்கையை இதுவரை அவன் ஒருவன்தான் ஏற்றுக்கொண்டிருந்தான்.

சாஜித், பழைய கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். மூன்று வயது சின்னவன். “அண்ணே, இது எப்படிண்ணே?” என்று கேட்டுக் கேட்டுத் தொழில் கற்றவன். அவன் செய்த விளையாட்டு ‘கொத்து ராஜா’. சூடான கல், இரண்டு கரண்டி, நடுவில் பரோட்டா. தாளம் தப்பாமல் தட்டினால் கொத்து பரோட்டா ஆகும். அவ்வளவுதான். அதற்குப் போய் ஊரே தட்டிக்கொண்டிருந்தது. தமிழ்மாறனுக்கு வயிறு எரிந்தது. சாஜித்தின் தங்கை சுஃபியாவின் கல்யாணத்துக்குக்கூடக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டான்.

இப்போது வயிற்றெரிச்சலுக்குக் கெடுவும் வந்திருந்தது. சென்னை நிறுவனம் ஒன்று மதுரையிலிருந்து ஒரு விளையாட்டை எடுத்து வெளியிடப் போகிறது. கடைசிச் சுற்றில் இரண்டே பேர்: தமிழ்மாறன், சாஜித். புதன்கிழமை முடிவு. கிடைக்காவிட்டால் பெங்களூருக்குப் போய் வங்கிக்கு மென்பொருள் எழுத வேண்டும். அந்த வேலைக்கான கடிதத்தை மனைவி பவதாரிணி ஃபிரிட்ஜ் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஊறுகாய் ஜாடியை வேறு தூக்கி வைத்திருந்தாள்.

கடைசிச் சுற்றுவரை தமிழ்மாறன் வந்ததற்குக் காரணம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதுவரை தினம் ஒருவர், இருவர் என்று இருந்த இடத்தில், அன்று ஒரே பகலில் அறுபத்துமூன்று பேர் ‘துண்டு போடு’வை இறக்கினார்கள். அத்தனை பேரும் மதுரைக்காரர்கள். அன்று முதல் தினமும் விடாமல் ஆடுகிறார்கள். முதலில் நட்சத்திரம் கொஞ்சம் சரிந்து பிறகுதான் ஏறியது. அதற்கும் தமிழ்மாறன் விளக்கம் வைத்திருந்தான்: “நல்ல சரக்கு முதல்ல புரியாது பவதா. புரிஞ்சா விடாது.” அதைக் கேட்டுத்தான் பவதாரிணி பெங்களூரைத் தள்ளிப்போடச் சம்மதித்தாள்.

“என்னங்க, இன்னும் கெளம்பலையா?” கீழேயிருந்து குரல் வந்தது. “பத்து மணிக்குக் காது குத்துறாக. கல்லுப்பட்டி என்னா பக்கத்துலயா இருக்கு?”

கொழுந்தியாள் மகளுக்குக் காதுகுத்து. முந்நூறு பேர் வருவார்கள். முந்நூறு போனும் வரும்.

தமிழ்மாறன் துள்ளி எழுந்தான்.

“இந்தா வாரேன்!”

விசேஷம் என்றால் பத்து முறை கூப்பிட வைக்கும் மனிதர், ஒரே குரலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்துப் பவதாரிணி அவன் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தாள்.

மாமனார் வீட்டாருக்குத் தமிழ்மாறன் ‘கம்ப்யூட்டர் மாப்ள’. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது போனை நீட்டி, “இது ஏன் மாப்ள மெதுவா ஓடுது?” என்பார்கள். வழக்கமாக அவன் ஓடி ஒளிவான். இன்றோ டி. கல்லுப்பட்டி மண்டபத்து வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“மாமா, போனைக் குடுங்க. சுத்தம் பண்ணித் தாரேன்.”

சின்ன மாமனார் மலைச்சாமிக்கு நம்ப முடியவில்லை. “என்னா மாப்ள, நீங்களா கேக்குறீக!” என்று பரவசத்தோடு கொடுத்தார்.

தமிழ்மாறன் கணக்காக வேலை பார்த்தான். சாஜித்தின் விளையாட்டை இறக்குவது, ஒற்றை நட்சத்திரம் குத்துவது, விளையாட்டை அழிப்பது, போனைத் திருப்பித் தருவது. முதல் நாலு போன் அப்படியே முடிந்தது. அதற்குள் செய்தி பரவிவிட்டது. மாப்பிள்ளை இலவசமாகப் போன் பார்க்கிறாராம். சந்தனம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். நெட் இல்லாதவர்களுக்குத் தன் போனிலிருந்தே நெட் கொடுத்தான். பொறாமைக்கு இவ்வளவு தர்ம குணம் உண்டென்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் அழுத்த அழுத்த, கடைசி வேலைக்கு நேரமில்லாமல் போயிற்று. நட்சத்திரம் குத்தியதுமே போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும், நட்சத்திரம் விழுந்தால் போதும் என்று விட்டுவிட்டான். அங்கேதான் பிசகியது.

ஐம்பத்தொன்றாவது போனை முடித்து நிமிர்ந்தபோது, எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது.

டக்கு டக்கு டக்கு.

பவதாரிணியின் பெரியம்மா ஒச்சாயி, தூணில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் போனைக் கொத்திக்கொண்டிருந்தார்.

“அத்தை, என்னா பண்றீக?”

“என்னமோ பரோட்டாக் கல்லு வந்துச்சு மாப்ள. சும்மா தட்டுனேன். இப்ப எட்டாவது பரோட்டா.”

பின்னாலிருந்து இன்னொரு டக்கு டக்கு. இடப்பக்கம் ஒன்று. மேடையில் ஒன்று. திருமங்கலத்தில் நிஜமாகவே பரோட்டாக் கடை வைத்திருக்கும் பேயாண்டி, ஒச்சாயியின் போனை எட்டிப் பார்த்து, “கையைத் தளர்த்திப் பிடி மதினி, மணிக்கட்டு பேசணும்” என்று தொழில் நுணுக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியது.

தமிழ்மாறன் பதறிப்போனான். “மாமா, அதை அழிச்சிருங்க. அது பேட்டரிய உறிஞ்சிரும். வைரஸ் வேற இருக்கு.”

“அப்ப எதுக்கு மாப்ள ஏத்துனீக?” என்றார் மலைச்சாமி.

“அது... தப்பா ஏறிருச்சு.”

“தப்பா ஏறுனதே இம்புட்டு நல்லா இருக்கே! நீங்க சரியா ஏத்துனா எப்படி இருக்கும்!”

அந்த ஒரு வார்த்தையைத் தமிழ்மாறன் இறுகப் பற்றிக்கொண்டான். அதானே! மக்கள் விளையாடும் மனநிலையில் இருக்கிறார்கள். இவர்களிடம் தன் சரக்கைக் கொடுத்தால் கொத்து ராஜாவை மறந்துவிடுவார்கள். ஒச்சாயியின் போனை வாங்கி ‘துண்டு போடு’வை இறக்கிக் கையில் கொடுத்தான். அவர் அரை நிமிடம் உற்றுப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, காலையில பஸ்ல எடம் பிடிக்கப் போயி சேலை கிழிஞ்சதுதான் மிச்சம். இதுக்குள்ளயும் வந்து நின்னுக்கிட்டே போகணுமா?”

ஒன்றரை வருட உழைப்பை மூடிவிட்டு, ஒன்பதாவது பரோட்டாவுக்குப் போனார்.

அதற்குள் மேடையில் குழந்தையைத் தாய்மாமன் மருதுவின் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை போட்ட கூச்சலில் மண்டபமே அதிர்ந்தது. கிலுகிலுப்பை காட்டினார்கள். லட்டு காட்டினார்கள். எதுவும் எடுபடவில்லை. மருது பதற்றத்தில் தன் போனை எடுத்துக் குழந்தை முன்னால் நீட்டினான். தமிழ்மாறன் நட்சத்திரம் குத்தியதில் அது இருபத்தேழாவது போன்.

டக்கு டக்கு டக்கு.

குழந்தை அழுகையை நிறுத்தியது. பிஞ்சு விரலால் கல்லைத் தட்டியது. பரோட்டா பறந்தது. குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார்.

மண்டபம் கைதட்டியது. “முப்பது வருஷமாக் காது குத்துறேன். சிரிச்சுக்கிட்டே குத்திக்கிட்ட பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்ற ஆசாரி, தன் போனையும் எடுத்து நீட்டினார். “எனக்கும் ஒண்ணு ஏத்தி விடுங்க சார். தொழிலுக்கு ஆகும்.”

தமிழ்மாறனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. ஆடட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். ஐம்பத்தொரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது விழுந்ததுதானே!

அப்போது மலைச்சாமியின் மகள், கல்லூரியில் படிக்கும் ஆர்த்திகா, அப்பாவின் போனில் அழிந்துபோயிருந்த விளையாட்டை மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“மாமா, அப்பா பேர்ல ஒத்த ஸ்டார் விழுந்திருக்கு. எங்கம்மாவுக்கும் அப்படித்தான். அவசரத்துல தப்பா அமுக்கிட்டீங்க போல.”

“இருக்கட்டும்மா... அதெல்லாம் பெரிசு பண்ணாத...”

“அப்படி விடலாமா? பாவம், யாரு செஞ்சாங்களோ.”

அடுத்த நிமிடம், தாய்மாமன் சீரை அறிவிப்பதற்காக வைத்திருந்த மைக்கில் மலைச்சாமியின் குரல் முழங்கியது. “நம்ம மாப்ள தமிழ்மாறன் எல்லார் போன்லயும் ஒரு வெளையாட்டு ஏத்தி விட்டிருக்காரு. அதுல நட்சத்திரம் தவறுதலா ஒண்ணு மட்டும் விழுந்திருக்கு. சாப்பிடப் போறதுக்கு முன்னால எல்லாரும் ஆர்த்திகாகிட்ட வந்து அஞ்சா மாத்திக்கிட்டுப் போகவும். மாப்ளைக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது!”

பந்திக்குப் போக வேண்டிய சனம் முழுக்க ஆர்த்திகாவின் முன்னால் வரிசை கட்டியது. சமையல்காரர்கள் வந்து, எங்களுக்கும் ஏற்றிவிடுங்கள் என்று நின்றார்கள். தமிழ்மாறன் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் முன் சீட்டுக்காரர் டக்கு டக்கு என்று தட்டிக்கொண்டே வந்தார். காதைப் பொத்திக்கொண்டான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தங்கள் விளையாட்டு சிறப்பானது. எனினும் இம்முறை வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பவதாரிணி ஊறுகாய் ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, கடிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் சாஜித் நின்றான். கூடவே அவன் அம்மா ஜெயினம்பு, கையில் பிரியாணித் தூக்கோடு.

“அண்ணே, எனக்குக் கெடச்சிருச்சுண்ணே” என்றான் சாஜித். அவன் முகத்தில் சந்தோஷமும் தயக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. “ஆனா ஒரு ஆச்சரியம். கல்லுப்பட்டியில எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல அங்க அம்பது அறுவது பேரு இறக்கிருக்காங்க. எல்லாரும் அஞ்சு நட்சத்திரம். கிராமம் வரைக்கும், எல்லா வயசுக்காரங்களும் ஆடுறாங்கன்னுதான் என்னை எடுத்தாங்களாம்.”

தமிழ்மாறன் சுவரில் தொங்கிய காலண்டரைத் தீவிரமாகப் படித்தான்.

“அது வேற யாரு தம்பி, இவருதான்!” என்றாள் பவதாரிணி. தோற்ற அன்றும் தன் புருஷன் மனசு பெரிசு என்று காட்டிவிடும் வேகம் அவள் குரலில் இருந்தது. “காதுகுத்துக்கு வந்தவுக போனை எல்லாம் வாங்கி, சாப்பிடக்கூடப் போகாம ஒங்க வெளையாட்டத்தான் ஏத்தி விட்டாரு. அவசரத்துல நட்சத்திரம்தான் ஒண்ணு ஒண்ணா விழுந்திருச்சு. அப்புறம் எல்லாத்தையும் அஞ்சா மாத்துனோம்.”

சாஜித்தின் முகம் சட்டென்று வெளுத்தது. தமிழ்மாறனைப் பார்த்தான். தமிழ்மாறனும் வேறு வழியில்லாமல் அவனைப் பார்த்தான். திருடனைத் திருடன் அறிவான் என்பார்கள். ஆனால் சாஜித் ஏன் தன்னைவிட அதிகமாக வியர்க்கிறான் என்பதுதான் தமிழ்மாறனுக்குப் பிடிபடவில்லை.

“அம்மா, வாங்க, நேரமாச்சு, கெளம்புவோம்” என்று சாஜித் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

ஜெயினம்பு நகரவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இருடா, இம்புட்டுப் பாசத்தப் பாத்துட்டுச் சொல்லாமப் போக முடியுமா? சித்திரையில எங்க சுஃபியா நிக்காஹ் அன்னைக்கு இவனும் இப்படித்தான் தம்பி, பிரியாணிகூடத் திங்காம, வந்தவுக அறுவது பேரு போனை வாங்கி ஒங்க துண்டு வெளையாட்டத்தான் ஏத்தி விட்டான். பாவம், இவனுக்கும் ஒண்ணு ஒண்ணாத்தான் விழுந்துச்சு, நாங்கதான் எல்லாத்தையும் அஞ்சா மாத்தி விட்டோம்!”