ஏழு பி-யின் நேரக்குறிப்பு

இருபத்திரண்டாவது நோட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். ஒவ்வொரு நாளும் சரியாக இருபத்துநான்கு மணி நேரம். இதிலும்!

"அடேயப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாததால் இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியடை 'கற்கும் பழக்கம்' என்று ஒதுக்கியிருந்தார்கள். பையை எப்படி அடுக்குவது, வீட்டுப்பாடத்தை எப்படிக் குறித்துக்கொள்வது, பெரிய பாடத்தை எப்படிச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் படிப்பது என்றெல்லாம் சொல்லித்தர வேண்டும். மூத்த ஆசிரியர்கள் ஆளுக்கொரு முதுகுவலியைச் சொல்லி நழுவிக்கொள்ள, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத கணக்கு டீச்சரின் தலையில் அது வந்து விழுந்தது. முடியாது என்று சொல்ல வழியில்லை. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பருவ முடிவில் கல்வி அதிகாரி வந்து, வகுப்பைப் பார்த்து, நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

"பழக்கத்தை மாத்தணும்னா முதல்ல நம்ம நேரம் எங்க போகுதுன்னு தெரியணும்" என்று டீச்சர் ஏழு பி-யிடம் சொன்னார். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தார். "கண் முழிக்கிறதுல இருந்து தூங்கப் போற வரைக்கும் என்ன செஞ்சீங்க, எவ்வளவு நேரம் செஞ்சீங்க, எவ்வளவு நேரம் தூங்கினீங்கன்னு தினமும் எழுதணும். உள்ளதை உள்ளபடி எழுதணும். திங்கக்கிழமை எல்லா நோட்டும் என் மேஜைல இருக்கணும்."

எட்டு நோட்டு வந்தால் பெரிய விஷயம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பன்னிரண்டு வயது என்பது லேசுப்பட்ட வயதா? குடித்த டம்ளரைக் கழுவி வை என்றால், டம்ளரையே மறந்துவிடுகிற வயது. இடது காலில் சொந்த ஷூவும் வலது காலில் அண்ணன் ஷூவுமாக வகுப்புக்கு வருகிற வயது. அப்படிப்பட்டவர்கள் இருபத்திரண்டு பேரும் நோட்டை மேஜையில் வைத்திருந்தார்கள். ஒரு நோட்டைத் திறந்தார்.

'மாலை 6.00 முதல் 6.20 வரை: படிக்க உட்கார்ந்தேன். 6.20 முதல் 6.50 வரை: படி, படி என்று அப்பா சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 6.50 முதல் 7.05 வரை: நான் படிக்கிறேனா என்று பார்க்க அம்மா வந்தார். அப்புறம் அக்கா வந்தாள். அப்புறம் மாமா வந்தார். 7.05 முதல் 8.00 வரை: அப்பா டிவி பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானும் கேட்டேன்.'

டீச்சருக்கு மெய்சிலிர்த்தது. பெரிய பெரிய ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு கண் வாய்க்குமா? ஒவ்வொரு நோட்டிலும் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சிவப்பு மைதான் வினையாகப் போயிற்று. டீச்சர் 'மிக நன்று' போட்ட நோட்டை எந்தப் பிள்ளை வீட்டில் காட்டாமல் இருக்கும்?

மறுநாள் காலையில் ஒரு அப்பா வந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், அமைதியான மனிதர். வகுப்பில் ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பெண்ணின் அப்பா. நோட்டை விரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிங்க டீச்சர்."

டீச்சர் படித்தார். 'காலை 6.30 முதல் 7.15 வரை: அப்பா போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன்.'

"நாற்பத்தஞ்சு நிமிஷமாம்! அநியாயம் இல்லையா டீச்சர்? முப்பதைத் தாண்டினதே இல்ல!"

"சார், குழந்தை ஏதோ..."

"என் மச்சினனும் அவன் பொண்டாட்டியும் வீட்டுக்கு வந்திருந்த நேரம். என் வீட்டுக்காரி இதை நடுவீட்டுல நின்னு சத்தமா வாசிக்கிறா. எனக்கு எப்படி இருக்கும்?"

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு அப்பாக்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. வேடிக்கை என்னவென்றால் ஒருவர்கூட, 'அப்படி நடக்கவே இல்லை' என்று சொல்லவில்லை. எல்லோரும் நிமிடத்தில்தான் பேரம் பேசினார்கள்.

விஷயம் அதிகாரி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று டீச்சர் பயந்தார். அன்றைக்கே வகுப்பில் சொல்லிவிட்டார். "இனிமே வீட்டு விஷயம் வேண்டாம். ஸ்கூல்ல நடக்கிறது மட்டும் எழுதினாப் போதும்."

போதும் என்றா சொன்னார்? அடுத்த திங்கட்கிழமையும் இருபத்திரண்டு நோட்டு வந்தது. இந்த முறை முதலில் கதவைத் தட்டியவர் அறிவியல் சார். நோட்டுக் கட்டு ஆசிரியர் அறையில் கிடந்தபோது சும்மா புரட்டிப் பார்த்திருக்கிறார் மனிதர்.

"டீச்சர், 'இரண்டாம் பீரியட். அறிவியல் சார் வரும்வரை காத்திருந்தோம். 14 நிமிடம்' அப்படின்னு ஒரு நோட்டுல இருக்கு. இன்னொண்ணுல 12-ன்னு இருக்கு. நீங்க என்ன, என்னை வேவு பாக்குறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்!"

"எட்டு நிமிஷம். கூடிப்போனா ஒன்பது. டீ சூடா இருந்தா நான் என்ன பண்றது? ஊதித்தானே குடிக்கணும்?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் தலைமையாசிரியரிடமிருந்து ஆள் வந்தது. அவர் மேஜை மேல் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது.

"உக்காருங்கம்மா. இதை நீங்களே வாசிங்க."

'11.10 முதல் 11.35 வரை: வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்றேன். அவர் போனில், நான் முக்கியமான மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொன்னார். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.'

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் சம்பந்தி ஃபோன் பண்ணினாரு. எடுத்தா ஒரு மணி நேரம் விடமாட்டாரு. வேற என்னம்மா சொல்லச் சொல்றீங்க? அது சரி, இது எந்தக் கிழமைன்னு எழுதியிருக்கா? ஏன்னா நான் செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் சொன்னேன்."

"புதன்கிழமைன்னு இருக்கு சார்."

"புதனுமா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மறந்தே போச்சு பாருங்க. பசங்களுக்குத்தான் என்ன ஞாபகசக்தி!"

பயத்தோடு பயமாக அவர் முகத்திலும் ஒரு வியப்பு தெரிந்தது. ஆனாலும் மேலதிகாரி மேலதிகாரிதானே? நோட்டை மூடித் தள்ளினார். "அடுத்த மாசம் அதிகாரி வர்றாங்க. இது அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா உங்க ஆர்டரும் போச்சு, என் மானமும் போச்சு. நிறுத்துங்க இதை."

டீச்சர் நிறுத்தவில்லை. நிறுத்த மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. வேறு எதையும் மறந்துவிடுகிற பிள்ளைகள் இந்த ஒன்றை மட்டும் விடாமல் செய்கிறார்களே, இப்படி ஒரு பழக்கத்தைப் பாதியில் வெட்டலாமா? யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். "இனிமே என் வகுப்பை மட்டும் எழுதுங்க."

மூன்றாவது திங்கட்கிழமை நோட்டுகளை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பள்ளியில் வைத்துத் திறக்கத் தைரியம் இல்லை. மாலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தார்.

'கணக்கு வகுப்பு. டீச்சர் சாக்பீஸ் தேடினார்: 3 நிமிடம். மூக்குக்கண்ணாடி தேடினார்: 2 நிமிடம். கண்ணாடி தலையில் இருந்தது. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று விளக்கினார்: 26 நிமிடம். கணக்கு: 9 நிமிடம்.'

இன்னொன்று. 'நேரத்தை வீணாக்கக் கூடாது: 24 நிமிடம்.' இன்னொன்றில் 29.

டீச்சர் எல்லா நோட்டையும் புரட்டிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, நான் ரொம்பப் பேசுறேனா?" என்று கேட்டார்.

கணவர் எட்டிப் பார்த்தார். கேள்வியின் ஆழத்தை அளந்தார். பிறகு கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, கேட்காமலேயே மடிக்கத் தொடங்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் துணி மடித்து டீச்சர் பார்த்ததில்லை.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் பெருமையாக இருந்தது. தன்னையே பார்க்க வைத்துவிட்டார்களே! அடுத்த நாளிலிருந்து சாக்பீஸ் பெட்டியோடும், மூக்கில் கண்ணாடியோடும் வகுப்புக்குள் நுழைந்தார். நுழைந்த நிமிடமே கணக்கு. அறிவுரைக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவர் மட்டுமா மாறினார்? அறிவியல் சார் டீயை ஆறவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே ஏழு பி வாசலில் நின்றார். தலைமையாசிரியர் சம்பந்தியோடு பேசத் தொடங்கினார். ரேடியோவின் அப்பா இப்போதெல்லாம் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போகிறாராம். பிள்ளைகள் பருவத் தேர்வில் முன்னைவிட நன்றாகவே எழுதினார்கள். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் ஒரு பள்ளிக்கூடத்தையே உலுக்கி எடுத்துவிட்டதை நினைக்க நினைக்க டீச்சருக்குக் கண் கலங்கியது.

அதிகாரி வந்தார். நரைத்த தலை, பெரிய கைப்பை, சிரிக்காத முகம். அன்று காலையிலேயே தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், "நோட்டு எதுவும் வெளியில தெரியக் கூடாதும்மா." டீச்சர் இருபத்திரண்டையும் கட்டி, வகுப்பு மேஜைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் தன் கைப்பையை வைத்து, அதற்கு முன்னால் தன் காலையும் வைத்துக்கொண்டார்.

அதிகாரி வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். முன்பெஞ்சில் நின்று, "இந்த வருஷம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் என்ன?" என்று கேட்டார். கேட்டது யாரிடம்? ரேடியோவிடம்.

"நேரக்குறிப்பு மேடம்!"

"அப்படின்னா?"

"யார் யார் எவ்வளவு நேரத்தை வீணாக்குறாங்கன்னு எழுதுறது மேடம். எங்க அப்பா, அறிவியல் சார், ஹெச்.எம். சார், எங்க டீச்சர், எல்லாரும் இருக்காங்க. நோட்டு அங்கதான் இருக்கு மேடம், டீச்சர் காலுக்குப் பின்னாடி!"

தலைமையாசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் காலை எடுத்தார். வேறு என்ன செய்வது?

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நோட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. நிரந்தர வேலை, அது போனால் வீட்டில் என்ன சொல்வது என்று டீச்சரின் மனம் எங்கெங்கோ போய்வந்தது. ஏழாவது நோட்டில் அதிகாரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"முப்பது வருஷமா ஸ்கூல் ஸ்கூலாப் போறேன்மா. எங்க போனாலும் எனக்காகப் பெருக்கின தரை, எனக்காக மனப்பாடம் பண்ணின பதில். ஒரு இடத்துலகூட நெஜத்தைப் பார்த்ததில்ல." நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இங்கதான் பார்க்கிறேன். எழுதினது அத்தனையும் சத்தியம்! சின்னப் பிள்ளைங்களுக்குப் பொய் கலக்காம எழுதக் கத்துக் கொடுத்திருக்கீங்களே, எப்படிம்மா?"

அந்த இடத்திலேயே, கணக்கு டீச்சரின் மேஜையிலேயே, அதிகாரி நிரந்தர ஆணைக்குக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? வட்டாரத்திலுள்ள நாற்பது பள்ளிகளிலும் ஏழாம் வகுப்புக்கு இதைக் கொண்டுவர வேண்டும், டீச்சரே போய்ச் சொல்லித்தர வேண்டும் என்று இன்னொரு ஆணையும் எழுதினார். நோட்டுகளைக் கல்வி அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போவதாகச் சொல்லி, தானே தூக்கிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் வழியனுப்பிவிட்டு வந்து, "அன்னைக்கே நான் சொன்னேனேம்மா, நிறுத்தாதீங்கன்னு" என்றார்.

மாலை மணி அடித்தது. பள்ளி ஊருக்கு வெளியே இருந்ததால் ஏழு பி மொத்தமும் ஒரே பேருந்தில்தான் வந்து போகும். பிள்ளைகளை ஏற்றிவிட டீச்சரும் வாசல்வரை வந்தார். ஓட்டுநர் முன்கண்ணாடியைத் துடைத்த துணியோடு கீழே இறங்கினார்.

"வேலை நிரந்தரம் ஆயிருச்சாமே டீச்சர்! பசங்க சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்."

"என்னால எதுவும் இல்லண்ணே. எல்லாம் இந்தப் பசங்க" என்றார் டீச்சர். "நாற்பது ஸ்கூல்லயும் இதே நேரக்குறிப்பை ஆரம்பிக்கப் போறோம்."

"நாற்பதா! நல்ல காரியம் டீச்சர்" என்று ஓட்டுநர் மனதார வாழ்த்தினார். ஏதோ நினைவு வந்தவராகத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆனா அங்க இருக்கிற டிரைவருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க, திங்கக்கிழமை காலைல மட்டும் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லி. முக்கா மணி நேரத்துக்குள்ள ஒரு வாரம் முழுசையும் இட்டுக்கட்டி எழுதணும்ல, பாவம் பசங்க!"