மல்லித்தூள் டின்னுக்குள் ஒரு ஸ்பீக்கர்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. அதற்கு அவன் முன்கூட்டியே படம் வரைந்து வைத்திருப்பான். நானும் வரைந்து வைத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் பௌதிக ஆசிரியனாக இருந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தை எங்கள் குடும்பமே அறியும். அதற்குப் பின் செய்த அயோக்கியத்தனத்தை இப்போதுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ரேடியோ ஹாலில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சமையலறைக்குள் பாட்டு நுழைந்தால் குழம்பில் உப்புத் தப்பும் என்பது அவர் கண்டுபிடித்த தேற்றம். அம்மா காலமாகியிருந்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி கமலாதான் மொத்தச் சமையலும். பாட்டென்றால் உயிரை விடுபவள், அடுப்படியில் நின்றபடி ஹால் பக்கம் காதை நீட்டிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் பேசவும் தைரியமில்லை. ஆகவே ரகசியமாக ஒரு ஸ்பீக்கர் வைக்க முடிவு செய்தேன். (அன்போடு கொஞ்சம் முதுகெலும்பும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

பஸ் ஸ்டாண்டு அருகே மைக் செட் கடை வைத்திருந்த கபாலியிடம் போனேன்.

"சமையல்கட்டுக்கா? இன்னா வாத்தியாரே, வூட்டுக்குள்ளயே ஆடிக் கூழ் ஊத்தப் போறியா?" என்று தன் குழாய் ஸ்பீக்கரைத் தட்டிச் சிரித்தான்.

"கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆவி, எண்ணெய்ப் புகை எல்லாம் தாங்கணும்."

மரப்பெட்டி போட்டது ஒன்றைக் காட்டினான். அப்பா கண்ணில் பட்டுவிடும். பெட்டி இல்லாத இன்னொன்றை எடுத்தேன்; பிடுங்கி வைத்துவிட்டான். "அது வாணாம். ஆவில கூம்புப் பேப்பரு ஊறிப்பூடும். சதுரங்கப்பட்டினத்துல ஒரு கல்யாணத்துக்குக் கட்டினேன், உப்புக் காத்துல ரெண்டே நாள்ல தொண்ட கட்டிகிச்சு. இத்த எடுத்துகினு போ. நாலு இஞ்சு. பேப்பர் மேல வார்னிஷ் அடிச்சிக் கீது."

பக்கத்து டீக்கடைக்காரரின் கொதிக்கும் கெட்டிலுக்கு நேரே அதைப் பிடித்துப் பாட வைத்தும் காட்டினான். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். "ஒரு சுச்சு போட்டா இதே மைக்காவும் வேல செய்யும். தெரியும்ல?"

எனக்கா தெரியாது! அன்றே படம் வரைந்தேன். ரேடியோவின் முதுகில் ஒரு சுவிட்ச். நடுவில் நின்றால் பாட்டு ஹாலில் மட்டும். இடது பக்கம் திருப்பினால் பாட்டு சமையலறைக்கும் போகும். வலது பக்கம் திருப்பினால் பாட்டு நின்று, சமையலறைப் பேச்சு ரேடியோவில் வரும். காபி தயார் என்று கமலா கத்தாமலே சொல்லலாமே! (அப்பா வெளியே போயிருக்கும்போது.) ஸ்பீக்கரைப் பழைய பிஸ்கட் டின்னில் அடக்கி, பக்கவாட்டில் ஆணியால் துளையிட்டு, மேலே 'மல்லித்தூள்' என்று எழுதி, அலமாரித் தட்டில் மற்ற டின்களோடு வைத்தேன். இரண்டு மாதம் அப்பாவுக்குத் தெரியவில்லை. உப்பும் தப்பவில்லை.

அப்போதுதான் என் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்கத் திருப்போரூரிலிருந்து வந்தார்கள். பையன் கல்பாக்கத்தில் இன்ஜினீயர். ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதாவது அமைய வேண்டுமே என்று அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் மெல்லிய வீணை. "பலகாரம் எல்லாம் எங்க வசந்தா கையால செஞ்சது" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று தலையைத் திருப்பினார். "டேய், உள்ளயும் வீணை கேக்குதே?"

ரேடியோவைச் சரிசெய்வதுபோல் எழுந்து போய், பின்னால் கையை விட்டுச் சுவிட்சைத் திருப்பினேன். நடுவில் நிற்க வேண்டியது, பதற்றத்தில் வலது கோடிக்கே போய்விட்டது.

வீணை நின்றது. எண்ணெய் கொதிக்கும் சத்தம் ஹாலை நிறைத்தது. பிறகு கமலாவின் குரல்: "ஐயோ, பஜ்ஜியத் திருப்பக்கூடத் தெரியலியா உனக்கு?"

அடுத்து என் தங்கை: "நான் அடுப்புகிட்ட வந்ததே இன்னிக்குத்தானே அண்ணி!"

எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள். "நாடகம்," என்றேன் நான். "இந்த நேரத்துல நாடகம் போடுவாங்க."

சத்தத்தைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டேன்.

"அந்தம்மா உக்காந்ததும் நாற்காலி கத்திச்சே, கேட்டீங்களா அண்ணி?"

"சீ, மெல்லப் பேசு. ஹாலுக்குக் கேக்கப் போவுது. தட்டை எடுத்துகினு போ."

தட்டை எடுத்துக்கொண்டு வசந்தா, தலை குனிந்து, ஹாலுக்குள் வந்தாள்.

பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாடகத்துல பேசின பொண்ணுதானா இது? நல்லா நடிக்குது" என்று எழுந்தார். நாற்காலி மறுபடியும் கத்தியது. பஜ்ஜி தொடப்படவில்லை. வசந்தா தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர்கள் போனதும் அப்பா வயரைப் பிடித்துக்கொண்டே போய் டின்னைக் கண்டுபிடித்தார். "யாருடா சுவிட்சத் திருப்பினது?"

நான் சொன்னேன்: "காலைல கமலா ரேடியோவத் தொடைச்சா. கை பட்டிருக்கும்."

கமலா என்னைப் பார்த்தாள். பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. வசந்தாவுக்கு இரண்டு வருடம் கழித்துச் செய்யூரில் நல்ல இடமே அமைந்தது. ஆனால் அந்த இரண்டு வருடமும் வீட்டில் கமலாதான் குற்றவாளி. அப்பா அதை நம்பியபடியே கண்ணை மூடினார். எங்கள் வீட்டில் யார் புளுகினாலும் இன்றுவரை "ரேடியோ நாடகமா?" என்றுதான் கேட்பார்கள்.

போன மாதம் பேரன், குளியலறையில் வெளியே தெரியாமல் வைக்க ஒரு ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருந்தான். "பாட்டி கை படாத எடமா பாத்து வைக்கணும்" என்றான். வீடே சிரித்தது. கமலாவும் சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை.

சற்று நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். "அன்னிக்கு சுவிட்சத் திருப்பினது நான்தான்."

"தெரியும்" என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலைலயே என் கை பட்டிருந்தா சாயங்காலம் வீணை எப்படிக் கேக்கும்? பௌதிகத்துக்கும் தோணல, கணக்குக்கும் தோணல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

"இத்தனை வருஷமாவா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"மெல்லப் பேசுங்க," என்றாள் கமலா. "ஹாலுக்குக் கேக்கப் போவுது."

இந்த முறை கேட்கட்டும் என்றுதான் எழுதிவிட்டேன்.