ஈசல் சைவமா என்று சம்பந்தி கேட்டார்

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் சடையப்பனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் சுப்புராயன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா பவானி, மகள் வெண்மதி மூவரும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஓசூரில் நீயும் கனிமொழியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எல்லோரும் கடையில் வாங்கிய பொருளைத்தானே சாப்பிடுகிறீர்கள், உங்களுக்கு என்ன குறை.

கையில் போன் இருக்கும்போது மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்து நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

வெண்மதிக்கு நீ பார்த்து முடித்த சம்பந்தத்தில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை அறிவழகன் தங்கம். அவர் அப்பா செம்பியனும் தங்கம். அந்தத் தங்கமான மனிதரிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். வாயால் மட்டும் சொல்லவில்லை, பல்லாலும் சொன்னேன். அது இப்போது கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து நிற்கிறது.

நிச்சயம் முடிந்த கையோடு மண்டபம் பேசுவதற்காகச் சிதம்பரத்தில் அவர்கள் புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போயிருந்தோம். முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று டைல்ஸ் தரை, நல்ல சோபா, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறையாக வந்தது. அப்போது செம்பியன் கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். புவனகிரிப் பக்கம் அவருக்கு நிலம் இருப்பது உனக்குத் தெரியும். முந்தின நாள் மழைக்கு வரப்போரப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசலைப் பிடித்து, காயவைத்து, முறத்தில் புடைத்து இறகைப் போக்கி, அரிசியோடும் மிளகாயோடும் சேர்த்து அவரே வறுத்திருக்கிறார். “சம்பந்தி, இந்த வருசத்து மொத ஈசல். ஒரு வாய் எடுத்துக்குங்க” என்றார். அதற்குள் மூத்த மகன் செந்தமிழ்செல்வன் சோபாவை விட்டு எழுந்துவிட்டான். “அப்பா, இத மொதல்ல உள்ள எடுத்துட்டுப் போங்க. வந்தவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? இது என்ன வயக்காடா?” என்றான். செம்பியன், “இல்லடா, சும்மா…” என்றார். தட்டு நீட்டியபடியே நின்றது. உள்ளேயும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை.

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் எப்போதும் கை தூக்காத ஒரு பையன் ஒருநாள் ஆசையாகக் கை தூக்கிக் கரும்பலகைக்கு வருவான். அவன் பாதி எழுதும்போதே பின்னால் யாராவது சிரித்துவிடுவார்கள். சாக்பீஸ் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் வாத்தியார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவன் இன்னொரு முறை கை தூக்குவான். அன்றைக்குச் செம்பியன் முகம் அந்தப் பையன் முகம் மாதிரியே இருந்தது. என் கை தானாகப் போய்விட்டது மச்சான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுவிட்டேன்.

விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் நான். பூச்சிகளில் புரதம் ஜாஸ்தி என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் பாடம் நடத்துவது வேறு, பாடத்தைத் தின்பது வேறு. வறுத்த வேர்க்கடலை மாதிரி இருக்கும் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டால் அப்படித்தான் இருக்கிறது. நான் குனிந்து பார்த்துவிட்டேன். வேர்க்கடலைக்குத் தலை கிடையாது. மென்றுகொண்டே, “அருமை! இதுக்கு ஈடா டவுன்ல என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். செந்தமிழ்செல்வனைப் பார்த்துப் புரதத்தைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். செம்பியன் எனக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, “சாப்புடுங்க வாத்தியாரே, கூச்சப்படாதீங்க, உள்ள இன்னும் இருக்கு” என்று தட்டு காலியாகக் காலியாக நிரப்பினார். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அதிலிருந்து மழை பெய்தால் பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புவனகிரியில் தூறினால் மறுநாள் பிஸ்கட் டப்பாவோடு செம்பியன் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் இறங்குகிறார். கொடுத்துவிட்டுப் போகிற ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. எதிரில் உட்கார்ந்து, நான் மெல்லுவதைப் பெற்ற பிள்ளை சாப்பிடுவதைப் போலப் பார்க்கிறார். “வூட்டுல இத வறுக்கக்கூட உடமாட்டேங்கறாங்க வாத்தியாரே. மோட்டார் கொட்டாயில வெச்சு வறுத்துக்கிட்டு வர்றேன். ஒங்களாட்டம் ஒரு ஆளு கெடச்சது என் நல்ல நேரம்” என்கிறார். இப்படிச் சொல்கிறவரிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது? அந்த வாயில்தான் ஈசல் இருக்கிறதே.

பிறகு ஒரு தடவை புற்றுக்காளான் கொண்டுவந்தார். பவானி அதை அடுக்களைக்குள் விடவில்லை. மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி ஒரு பழைய சட்டியில் செய்தாள். “என் தம்பி பாத்த சம்பந்தமாச்சேன்னு செய்யறேன். இந்தச் சட்டி இனிமே படி எறங்கக் கூடாது” என்றாள். காட்டுக் காளானில் நல்லது எது, விஷம் எது என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. செம்பியனுக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது என் வயிற்றுக்குத் தெரியவில்லை. அவர் பஸ் ஏறியதும் படுத்துக்கொண்டு, வெண்மதியைக் கூப்பிட்டு எல்.ஐ.சி. பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு ருசியான காளானை நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை. பயத்தில் அந்த ருசியைக் கவனிக்காமல் விழுங்கிவிட்டேன். அது இன்றைக்கும் ஒரு வருத்தம். அடுத்து வந்த நத்தையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. நல்ல குழம்பு என்று அவரிடம் சொன்னேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்தத்தன்று முதல் பந்தியில் எல்லார் இலையிலும் ஈசல் வறுவல் வைக்கவேண்டும் என்று செம்பியன் முடிவு கட்டிவிட்டார். பெண்ணின் அப்பாவைக் கௌரவிக்கிறாராம். மானம் போகும் என்று மூத்தவன் குதிக்க, “படிச்ச வாத்தியாரே வாரிச் சாப்புடறாரு, ஒனக்கு என்னடா?” என்று இவர் திருப்பிக் குதிக்க, அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சமையல்காரர் லூர்துசாமி நியாயமான மனிதர். முகூர்த்தச் சாப்பாடு சைவம், பூச்சியை எப்படி அடுப்பில் ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார். “ஈசல் சைவந்தான்யா, மண்ணுலேர்ந்துதான மொளச்சு வருது” என்று செம்பியன் வாதாடி, கடைசியில் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையே கேட்டுவிட்டார்: “வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க. ஈசல் சைவமா, அசைவமா?”

ஆறு கால், கணுக்காலி, பூச்சி வகுப்பு என்று இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். தப்பாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. “பொதுவாப் பாத்தா… பூச்சிதான்… ஆனா அது திங்கறது பூராவும் மரமும் சருகும்தான்…” என்று இழுத்தேன். உடனே செம்பியன், “கேட்டியா லூர்து? சைவம்னுட்டாரு!” என்று போனை வைத்துவிட்டார். மாடுகூடப் புல்தான் தின்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெண்மதி என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். “அப்பா, என் இலையில பூச்சி விழுந்துச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்கிறாள். அவள் சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். நான் சொல்லலாம் என்று போனை எடுக்கிறேன். “சொல்லுங்க வாத்தியாரே” என்று அவர் குரலில் இருக்கிற சந்தோஷத்தைக் கேட்டதும் மழை நிலவரத்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

ஆகையால் மச்சான், நீதான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வா. மாமாவுக்கு ஈசல் பிடிக்காது, அன்றைக்கு மரியாதைக்காகச் சாப்பிட்டார், பந்தியில் வேண்டாம் என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடு. ஒன்றே ஒன்று. சிதம்பரம் வீட்டில் வைத்துச் சொல்லாதே, பிள்ளைகள் இருப்பார்கள். வயலுக்குப் போகும்போது தனியாகச் சொல். அவர் முகத்தைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்துக்கொண்டே சொல். நான் செய்த தப்புக்கு உன்னை அனுப்புகிறேன் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கனிமொழிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் இருவரும் நன்றாகப் படித்து, பிடிக்காததைப் பிடிக்காது என்று சொல்லும் தைரியத்தோடு வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமா
சுப்புராயன்

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டி, தபால்பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது செம்பியன் போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை. “பசங்க ஒத்துக்கல வாத்தியாரே. நீ பட்டிக்காட்டான், எங்களையும் ஊரு முன்னாடி அப்பிடியே காட்டப் பாக்கறன்னு பெரியவன் சொல்லிட்டான். சரி, வேணாம்னு உட்டுட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஆசையா எதிர்பாத்துக்கிட்டு இருப்பீங்களே, அதான் ஒரு மாதிரியா இருக்கு. ஒங்களுக்கு மட்டும் ஒரு பொட்டலம் கட்டியாந்து மண்டபத்துக்குப் பின்னாடி வெச்சுக் குடுத்துடட்டுமா?” என்றார்.

நான் வேண்டியது தானாகவே நடந்துவிட்டது. ‘சரி சம்பந்தி’ என்றால் போதும். வெண்மதி எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான், “பின்னாடி எதுக்கு? மொதப் பந்தியில, என் இலையில, எல்லாரும் பாக்க வையுங்க. போனப் பெரியவன்கிட்ட குடுங்க” என்றேன். எனக்கு மட்டும்தான், நானே கேட்டு வாங்கியது என்று ஊரிடம் சொல்லிக்கொள் என்று அவனிடம் பேசினேன், அரைமனதாக ஒத்துக்கொண்டான். லூர்துசாமிக்கும் போன் போட்டேன். ஈசல் சைவம் என்று இந்த முறை இழுக்காமல் தெளிவாகவே சொன்னேன். மற்றவர்கள் இலைக்கு வராது என்று வெண்மதிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இருந்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உறையைக் கிழித்து இதைச் சேர்த்திருக்கிறேன். எனவே நீ செம்பியனிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அடுத்த வாரம் வரவும் வேண்டாம், அந்த லீவை முகூர்த்தத்துக்கு வைத்துக்கொள். முதல் பந்திக்குத் தப்பாமல் வந்து எனக்கு வலதுபக்கம் உட்கார். நீ பார்த்த சம்பந்தம் இது. என் இலையில் வைப்பதில் பாதி உன்னுடையது.