கமுக்கமாக ஒரு விண்ணப்பம்

மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போருள் கமுக்க விண்ணப்பதாரர் என்றோர் இனம் உண்டு. இடம் கிடைக்கும் வரை எவரிடமும் வாய் திறவார். கிடைத்த பின்னும், விமானம் தரையை விட்டு எழும் வரை திறவார். சொன்னால் கண் பட்டுவிடுமாம். யாருடைய கண்? அதையும் சொல்லார்.

ஊரறியாமல் வளரும் காதலைக் களவு என்றும், அது கசிந்து ஊரார் வாயில் விழுந்து புரள்வதை அலர் என்றும் பழம்புலவர்கள் பெயரிட்டு வைத்தார்கள். இன்று காதலர்கள் தாமே படமெடுத்து உலகத்துக்குக் காட்டிவிடுவதால், பாவம், களவொழுக்கம் போக்கிடமின்றிக் கல்லூரி விண்ணப்பத்தில் வந்து குடியேறியிருக்கிறது. ஐயமுள்ளோர் தாராவிக்கு வந்து பார்வதியம்மாளைக் காண்க.

தோல் பெல்ட் தைக்கும் பட்டறைக்காரர் ராஜபாண்டியின் இல்லத்தரசி அவர். மகள் விஜயலட்சுமி மாட்டுங்காக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் முடித்தவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். அது என்ன படிப்பு என்கிறீர்களா? ஒரே நூலின் பல சுவடிகளை அருகருகே விரித்து, எந்த எழுத்து எங்கே பிறழ்ந்தது என்று பாடபேதம் பார்ப்பார்களே, அதையே நோய்க்கிருமியின் மரபணுவுக்குக் கணினியில் செய்வது. உயிரின் பரம இரகசியங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் கல்வி. அதில் சேர்வது மட்டும் பரம இரகசியம்!

அந்த வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது, 'அது' என்பார்கள். கல்லி என்று மும்பையார் சொல்லும் அவர்கள் சந்தின் முனையிலேயே ஸ்டூடியோ இருக்க, 'அதற்கு' நிழற்படம் எடுக்கச் சுனாபட்டிக்குப் போனார்கள். சான்றிதழ்களுக்கு நகலெடுக்கச் செம்பூருக்குப் போனார்கள். நகல்கள் முருங்கைக்கீரைக் கட்டின் அடியில் பள்ளிகொண்டு வீடு வந்து சேர்ந்தன. கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபோதும், குருக்கள் காதில் விழுந்துவிடுமே என்று அஞ்சி, "பிள்ளைக்கு நல்லது நடக்கணும்" என்பதோடு பார்வதியம்மாள் நிறுத்திக்கொண்டார். அடியார்கள் ஆண்டவன் முன்னின்று வேண்டியதை ஊர் கேட்கப் பாடினார்கள். இவரோ ஆண்டவனையே ஊகிக்க விட்டுவிட்டார்.

கேட்டவர்க்கெல்லாம் ஒரே விடை: "பேங்க் பரீச்சைக்குப் படிக்கா." இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள், தம் மகன் எழுதித் தோற்ற வங்கித் தேர்வு நூல்களையெல்லாம் சுமந்து வந்து கொடுத்தார். விஜயலட்சுமி அவற்றை அடுக்கி, மேலே மடிக்கணினியை வைத்து, விண்ணப்பக் கட்டுரை எழுதினாள். உயரம் கச்சிதமாக இருந்தது.

கடைசியில் பரிந்துரை என்று ஒரு கட்டம் வந்தது. கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் திருவேங்கடத்தின் பெயரைக் கொடுத்தால், பல்கலைக்கழகமே அவருக்கு மடல் அனுப்பிக் கருத்துக் கேட்கும்.

"யம்மா, சார்ட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஏட்டி, வாயத் தொறந்த கொன்னுருவேன்! அவரு வீட்டம்மா கோயில் பஜனைக்கு வாரவ. அங்க சொன்னா மும்பை முழுக்கச் சொன்ன மாதிரிலா?"

மகள் வாய் திறக்கவில்லை. எதிர்ப்பட்ட பேராசிரியர் அடுத்து என்ன செய்கிறாய் என்று வினவியபோதும், தாய் சொல் தட்டாமல், "பேங்க் எக்ஸாம் சார்" என்றாள்.

பேராசிரியரோ இணைய மோசடிக்கு அஞ்சுபவர். வெளிநாட்டு மடல் வந்தது, அழித்தார். நினைவூட்டல் வந்தது, அதையும் அழித்தார். விண்ணப்பம் முடியும் நாளன்று இன்னொன்று வரவே வெகுண்டெழுந்து, பழைய மாணவர்களின் வாட்சாப் குழுவில் முழங்கினார்: "எச்சரிக்கை! நம் விஜயலட்சுமி பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்க வெளிநாடு போவதாக எனக்கு மோசடி மடல்கள் வருகின்றன. அவள் வங்கித் தேர்வுக்குப் படிப்பதை நான் நன்கறிவேன். யாரும் இணைப்பைத் தொடாதீர்கள்!"

எவ்வளவு பாடுபட்டுக் காத்த இரகசியம்! முழு விவரத்தோடு ஒரே கணத்தில் அரங்கேறிவிட்டது. அதுகூடப் போகட்டும், அன்றிரவுக்குள் பரிந்துரை போய்ச் சேராவிட்டால் இவ்வாண்டு இடம் இல்லை. பேராசிரியரோ தொலைபேசியை எடுக்கவில்லை. அன்று பிரதோஷம், அவர் மாட்டுங்காக் கோயிலில் இருந்தார். மும்பைத் தமிழர்களில் பாதிப்பேர் உடனிருந்தார்கள்.

பார்வதியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினார். கூட்டத்துக்கு அப்பால், நந்தியருகே பேராசிரியரின் தலை தெரிந்தது. நெருங்க வழியில்லை. காதோடு சொல்வது எப்படி? அத்தனை நாள் அடக்கிய குரல் அணையுடைத்துப் பாய்ந்தது.

"சார்! அது மோசடி இல்ல சார்! எம் மகதான்! அவதான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா!"

நந்தியின் மேல் சாய்ந்துகொண்டிருந்த பால்குடம் பாதியில் நின்றது. கூட்டம் தானாக வழிவிட்டது.

"பேங்க் எக்ஸாம்னு சொன்னாளே?"

"நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் சார்."

"என்கிட்டயுமா? எதுக்கும்மா?"

"கண்ணு பட்டுரும்னு..."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்கத்துல இருக்கற நந்தியே நேக்கு மங்கலாத்தான் தெரியறது. இந்தக் கண்ணாம்மா படும்?"

ஆனாலும் நல்லவர். பிரசாதத்துக்குக்கூட நில்லாமல் வீட்டுக்கு நடந்து, குப்பையில் எறிந்த மடலைத் தேடியெடுத்துப் பரிந்துரையை எழுதி அனுப்பினார்.

வீடு திரும்பிய பார்வதியம்மாளைப் பிச்சம்மாள் வாசலிலேயே மறித்தார். "என்ன மைனி, சார் எழுதிட்டாரா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்ட போ! கதவச் சாத்திக்கிட்டு 'மெல்லப் பேசுட்டி, மெல்லப் பேசுட்டி'ன்னு நீ போட்ட சத்தம் கல்லி முழுக்கக் கேட்டுச்சு. நம்ம கண்ணு பட்டுரக் கூடாதேன்னுதான் எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தோம்."

இடம் கிடைத்ததா என்கிறீர்களா? பார்வதியம்மாள் சொல்லவில்லை. ஆனால் தாராவியின் வேனிற்புழுக்கத்தில், அவர் வீட்டுக் கொடியில் தடித்த கம்பளிச் சட்டையொன்று காய்கிறது.

"பேங்க் பரீச்சைக்கு, மைனி. ஹாலுல ஏசி குளிரும்லா?"

"ஆமா, ஆமா," என்கிறார் பிச்சம்மாள், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல். "கையுறையும் வாங்கிரு."

தாங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவரல்லர்; நம்புகிறோம். ஆனால் இதை வாசிக்கத் தொடங்குமுன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தீர்களே, அது எதற்காக? வேண்டாம், சொல்ல வேண்டாம். உங்கள் பக்கத்து வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்.