என் முகத்தில் ஒட்டிய சிரிப்பு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாதது என் முகம் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே என் மகள் போனை வாங்கி, "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டு என் கோபத்தைக் கெடுத்துவிடுகிறாள். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது. மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காகக் கடைசிவரை 'நீங்கள்' என்றே எழுதப்போகிறேன். 'நீங்கள்' போட்டுத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை வரும்போது தெரியும்.

பேத்தியின் பிறந்தநாளன்று உங்கள் வீட்டு ஹாலில் எல்லோரையும் நிற்கவைத்து குரூப் போட்டோ எடுத்தீர்கள். உயரம் பார்த்து வரிசைப்படுத்துகிறேன் என்று என்னைக் கொண்டுபோய் என் அண்ணன் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அந்த மனிதரோடு நான் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை என்பது எங்கள் தெரு தபால்காரருக்குக்கூடத் தெரியும். காரணமும் தெரியும். எங்கள் ஸ்டுடியோவில் அவர் முன்னால் கேமரா பிடித்தார், நான் பின்னால் இருட்டறையில் பிலிம் கழுவி பிரிண்ட் போட்டேன். ஒரு படத்துக்குப் பரிசு கிடைத்தது. மேடையில், கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டார்கள். "என் தம்பிங்க. காகிதத்தைத் தண்ணியில முக்கி எடுப்பான்" என்றார். சபையே சிரித்தது. அந்தப் படத்தில் வெளுத்துக் கிடந்த வானத்தில், பிரிண்ட் போடும் விளக்குக்கு அடியில் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி மேகத்தை வரவழைத்தது யார்? பரிசு கொடுத்ததே மேகத்துக்குத்தான்.

பிறந்தநாள் வீட்டில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பதிலாக என் எதிர்ப்பை முழுக்க முகத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். புருவம், உதடு, தாடை ஒவ்வொன்றையும் யோசித்து வைத்தேன். நீங்கள் 'ரெடி' சொன்ன பிறகு மூச்சுகூட விடவில்லை. என் ஆயுசில் அவ்வளவு ஒழுங்காக நான் போட்டோவுக்கு நின்றதே இல்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? கல்யாண ஆல்பங்களில் கைவரிசை காட்டுவது போதாதென்று, பேத்தி உங்கள் மூக்கில் கேக்கை அப்பியபோது நான் சிரித்த வேறொரு படத்திலிருந்து அந்தச் சிரிப்பை வெட்டியெடுத்து இந்தப் படத்தில் என் வாயில் ஒட்டிவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? முன்பல் விழுந்த ஓட்டையையும் அடைத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்ப குரூப்பில் போட்டும்விட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. ஒன்றுவிட்ட தங்கச்சி போன் பண்ணி "அண்ணா, ஒருவழியா மனசு மாறிட்டியே" என்று அழறா, சித்தப்பா மகன் கைதட்டுற பொம்மையா அனுப்பித் தள்ளுறான், முடிவெட்டப் போனால் கடைக்காரர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு "சார், பல்லு எங்க கட்டினீங்க? நம்ம வீட்டுக்காரம்மாவுக்கும் கட்டணும்" என்று விலாசம் கேட்கிறார், கட்டவே இல்லை என்று வாயைத் திறந்து காட்டினால் "ஐயோ, அதுக்குள்ள விழுந்துடுச்சா?" என்று எனக்காக வருத்தப்படுகிறார், வீட்டுக்கு வந்தால் உங்கள் மாமியார் அந்தப் படத்தையே ஜன்னல் அகலத்துக்குப் பெரிசாக்கி ஃபிரேம் போட்டு என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டி வைத்திருக்கிறாள். காலையில் பேப்பரை இறக்கினால் எதிரே நான் என்னைப் பார்த்து இளிக்கிறேன்.

உங்களைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "மாமா, நீங்க இருட்டறையில செஞ்சதைத்தான் நான் மவுஸ்ல செய்யறேன். நீங்களும் நெகட்டிவ்ல பென்சிலால பருவை எடுத்தவர்தானே?" எடுத்தேன் ஐயா, எடுத்தேன்! இல்லை என்று சொல்லவில்லை. பரு அடுத்த வாரம் தானாகப் போகப்போவது. நான் ஒரு வாரம் முன்னாடி அனுப்பிவைத்தேன், அவ்வளவுதான். என் கோபம் இத்தனை வருஷமாகப் போகவில்லையே, அதை எடுக்க நீங்கள் யார்? பிரிண்ட் காகிதத்தில் வெளிச்சம் குறைந்தால் படம் வெளுக்கும்; அதனால் கறுத்த முகத்தை அட்டைத் துண்டால் மறைத்துப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன், முகம் துலங்கியிருக்கிறது. ஆனால் அது படத்துக்கு நின்றவனின் சொந்த முகம். நெகட்டிவில் இருந்த முகம். அதில் இல்லாத சிரிப்பை, நான் விடிய விடியக் கையை ஆட்டினாலும் காகிதத்தில் கொண்டுவர முடியாது. வெளிச்சம் ஒரு விநாடி கூடுதலாகப் பட்டால் படம் கருகும், குப்பைக்கூடைக்குப் போகும். உங்களுக்கென்ன, ஒரு பொத்தானைத் தட்டினால் செய்த தப்பு செய்யாததாகிவிடுகிறது. பயம் இல்லாத இடத்தில் கை நீளத்தானே செய்யும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று அண்ணி போன் செய்தார்கள். "தம்பி, படத்துல உங்க சிரிப்பைப் பார்த்ததுலேர்ந்து அவர் நல்லாச் சாப்பிடறார். ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்க்க வரோம்" என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மன்னிக்கவில்லை. நடுவில் நீங்கள் புகுந்து, நான் மன்னித்துவிட்டேன் என்று என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டீர்கள். அவர் வந்து மணியடித்தால் நான் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது? உங்கள் படத்தில் இருக்கிற முகம் என்னிடம் இல்லையே!

ஆகவே சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் கண்டவுடன், நான் நின்றபடி இருக்கிற அசல் படத்தை, ஒரு புள்ளிகூட மாற்றாமல், குடும்ப குரூப்பில் போட வேண்டும். 'சிரிப்பு என் வேலை, மாமா சிரிக்கவில்லை' என்று கீழே எழுத வேண்டும். போடாவிட்டால், பேத்தியைப் பார்க்க மட்டும்தான் உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்களைப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் நின்றாலும் பார்க்க மாட்டேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு.

என் மகளுக்கு ஆசீர்வாதம். பேத்திக்கு ஆயிரம் முத்தம். மாமனார் ஆசீர்வாதம் செய்யாமல் விட்டார் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்பதற்காக உங்களுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சிரிக்காத உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மணியடித்தது. ஞாயிறு வரை பொறுக்காமல் அண்ணன் இன்றைக்கே வந்து நிற்கிறார். என் சொந்த முகத்தோடுதான் கதவைத் திறந்தேன். அவர் என்னைக் கவனிக்காமல் நேரே போய் அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்றார். "இந்தச் சிரிப்பு ஒட்டினதுன்னு அன்னைக்கு போன்ல பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சுடா" என்றார். "படத்துல ஜன்னல் வலது பக்கம் இருக்கு, உன் மூக்கு நிழல் இடது பக்கம் விழுது. உதட்டு நிழல் மட்டும் வேற எங்கேயோ போகுது."

"தெரிஞ்சும் எதுக்கு வந்தீங்க?"

"நீ கூப்பிடுவேன்னு காத்திருந்தா நம்ம ரெண்டு பேர் ஆயுசும் பத்தாது. மாப்பிள்ளை ஒரு சாக்கு குடுத்தார், பிடிச்சுக்கிட்டேன்." மறுபடி படத்தைப் பார்த்தார். "இந்த ஒட்டு வேலையை நீ செஞ்சிருந்தா என்னாலகூடக் கண்டுபிடிச்சிருக்க முடியாதுடா."

சண்டைக்கென்று எடுத்துவைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டு, அவருக்குச் சாப்பாடு பரிமாறினேன். சாப்பிட்டுவிட்டு இப்போது என் கட்டிலில் தூங்குகிறார்.

நீங்கள் செய்தது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அசல் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வாருங்கள், என் உதட்டு நிழலைச் சரிசெய்ய வேண்டும். அண்ணனும் அந்தப் படத்தில் உர்ரென்றுதான் நிற்கிறார், அவருக்கும் ஒரு சிரிப்பு ஒட்டிவிடலாம் என்று வீட்டிலிருக்கிற ஆல்பம் எல்லாவற்றையும் புரட்டினேன். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே இருந்த மனுஷன், சிரித்த படம் ஒன்றுகூட இல்லை. அதனால் கேமராவையும் எடுத்துவாருங்கள். அவரைச் சிரிக்கவைப்பது என் பொறுப்பு.