இன்னும் ஒரே ஒரு வாய்

மனித குலத்தில் ‘ஒருவாய்க்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. தோளில் ஈரத் துண்டு, கையில் கிண்ணம், உதட்டில் “இன்னும் ஒரே ஒரு வாய்.” அந்த ஒரு வாய்க்குப் பிறகு என்ன வரும் என்கிறீர்கள்? இன்னொரு வாய்தான்.

குழந்தைக்குப் பசிக்கிறதா என்று இவரிடம் கேட்காதீர்கள். அது குழந்தையின் சொந்த விஷயம். இவருக்குக் கிண்ணம் காலியாக வேண்டும். சோபாவைச் சுற்றி ஓடி, மேசைக்கு அடியில் தவழ்ந்து, சன்னலில் காக்கையைக் காட்டி, காக்கை பறந்துபோனால் பேருந்தைக் காட்டி, அதுவும் போய்விட்டால் தானே பேருந்தாகி உறுமி, கடைசியில் ஸ்பூனை நீட்டும்போது இவரைக் கவனியுங்கள். குழந்தையின் வாய் பூட்டிக் கிடக்கும். இவருடைய வாய் ஆவென்று திறந்திருக்கும்.

என் மாடிவீட்டு மெக்கானிக் இந்த இனத்தில் அசல் வித்து. அவருடைய ஒன்றேகால் வயது மகள் நான்கு நாட்களாக வெளிக்குப் போகவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே அழுகை. அவர் வந்து கதவைத் தட்டியபோது முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் பயமாகிவிட்டது. அவர், அவர் மனைவி, மச்சினி, நான் என்று பெரும் படையாக டாக்டரம்மாவிடம் போனோம்.

“ஒண்ணுமே சாப்பிடறதில்ல டாக்டர். வெறும் காத்துலதான் வாழுது,” என்றார் மெக்கானிக்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். குழந்தை வீறிட்டது.

“நேத்து என்னென்ன குடுத்தீங்க?”

“கால் கிண்ணம் உருளைக்கிழங்கு மசிச்சது. சாப்பாடு போகலையே, பாலாவது போகட்டும்னு ஒரு பாட்டில் பால்.”

மனைவி திரும்பிப் பார்த்தாள். “உங்ககிட்ட எங்க குடிச்சிருக்கப்போகுதுன்னு நான் ரெண்டு பாட்டில் குடுத்தேனே.”

மச்சினி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நானும் ரெண்டு குடுத்தேன், அக்கா.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அஞ்சு பாட்டில் பால் உள்ள இருந்தா பசி எங்கேர்ந்து வரும்? அதனாலதான் வயிறும் இறுகிக் கிடக்கு. மருந்து தர்றேன். பாலைக் குறைங்க, நிறையத் தண்ணி குடுங்க. தட்டை முன்னால வெச்சுட்டு மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அது எடுத்துச் சாப்பிடும்.”

மருந்துக்கு மறுநாள் பலன் கிடைத்தது. அந்த டயப்பரைப் பார்த்து ஒரு தகப்பன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

கையைக் கட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. தட்டில் வாழைப்பழத் துண்டுகள். மூவரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; வேடிக்கை பார்க்க நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். குழந்தை ஒரு துண்டை எடுத்தது, தின்றது. இன்னொன்றையும் தின்றது. மூன்றாவதை எடுத்தபோது அப்பாவின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தது. பசிக்கிறது போலும் என்று நினைத்து அதற்குள் திணித்துவிட்டது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குழந்தை நான்காவது துண்டோடு என்னிடம் தவழ்ந்து வந்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை என் வாயும் திறந்தே இருந்திருக்கிறது.

நீங்களும் சிரிக்கலாம். அதற்கு முன் உங்கள் வாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.